ஜான் டூயியும் கைவேலைக் கல்வியும்

ஏட்டைக் கற்றலே கல்வியென்றும், கைவேலை கல்லாதார்க்கே உரியதென்றும் கருதுவோர் பலர். அக்கருத்தைச் சொல்லால் மட்டுமன்றிச் செயலாலும் மறுத்துக்காட்டிய பேரறிஞர் ஒருவரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

ஜான் டூயி 1859ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வெர்மாண்ட் மாகாணத்துப் பர்லிங்டன் நகரில் ஒரு பலசரக்கு வணிகருக்கு மைந்தராய்ப் பிறந்தார். 1879இல் பட்டம் பெற்றுச் சிலகாலம் உபாத்தியாயராயிருந்தார். 1884இல் தத்துவ சாஸ்திரத்தில் டாக்டர் பட்டமெய்தினார். 1886இல் ஆலிஸ் சிப்மன் என்னும் கல்விமாதை மணந்தார். 1894இல் சிக்காகோ சர்வகலாசாலை அவரைத் தத்துவப் பேராசிரியராக அழைத்தது. மறு ஆண்டிலேயே, மோரிஸ் என்னும் இளம்புதல்வன் இத்தாலி நாட்டு மிலான் நகரில் தொண்டை அடைப்பான் நோயால் மடிந்தான். அத்துயரின் நடுவிலும் குழந்தைகளின் கல்வியை அவர் மறந்தாரல்லர்.

இரசாயனத்திற்குச் சோதனைச்சாலை வேண்டுமாயின், கல்விக்கும் ஒன்று வேண்டுமன்றோ? அங்ஙனம் 1896 ஜனவரியில் 16 பிள்ளைகளோடும் இரண்டு ஆசிரியரோடும் ஓர் ஆரம்பப் பாடசாலையைத் தொடங்கினார். அதற்கு மேசை வாங்கக் கடைகடையாய்த் தேடியபோது, பிள்ளைகள் உட்கார்ந்து கேட்பதற்கேற்றவை கிடைத்தனவேயன்றி, வேலை செய்வதற்கேற்றவை அரிதாயின. அந்நாளைய பள்ளிகளின் இயல்பு அதனால் விளங்கும்.

அங்கே சமையலும், தச்சும், நெசவும் தனித்தனிப் பாடங்களாக இல்லை. பிற பாடங்கள் யாவும் அவற்றினின்றே கிளைத்தன. சமைக்குங்கால் அளவும் நிறையும் கணிதமாயின. பருத்தியையும் ஆட்டுமயிரையும் பிள்ளைகளின் கையிற் கொடுத்தனர். கொட்டையினின்று பஞ்சைப் பிரிக்க முப்பது நிமிடம் முயன்றும் ஓர் அவுன்சு தேறவில்லை. முன்னோர் பருத்தியாடையை விட்டுக் கம்பளியை மிகுதியாய் உடுத்த காரணத்தை அவர்கள் தம் விரல்களாலேயே உணர்ந்தனர். 1793இல் விட்னி என்பார் பஞ்சு பிரிக்கும் பொறியை இயற்றியது ஏன் என்பதும் அப்போது தானே புலனாயிற்று. இழையின் நீளம் விஞ்ஞானமாயிற்று. பருத்தி விளையும் நிலம் பூகோளமாயிற்று. பொறியின் கதை சரித்திரமாயிற்று. பின்னர் மூத்த பிள்ளைகள் தம் சங்கங்களுக்கு ஒரு சிறுமனையைத் தாமே திட்டமிட்டுக் கட்டினர்.

1902இல் பிள்ளைகள் 140 பேர். ஆசிரியர் 23 பேர். அறுவர்க்கு ஓராசிரியர் வீதம் அமர்த்தல் ஏழைப் பள்ளிகளுக்கு இயலுமோ என்னும் ஐயம் நியாயமானதே. எனினும் ஒரு பருத்திக்காய்க்கு மிகுந்த பொருள் வேண்டுவதில்லை. அதனை வினாவாக மாற்ற வல்ல ஆசிரியரே வேண்டும்.

அப்பள்ளியின் தலைமையாசிரியையாய் விளங்கிய அவர் மனைவியாரின் பதவிபற்றிச் சர்வகலாசாலைத் தலைவரோடு பிணக்கு நேரவே, 1904இல் இருவரும் பதவி துறந்தனர். அவ்வாண்டே அயர்லாந்தில் கார்டன் என்னும் எட்டு வயது மகனையும் விஷசுரத்திற்குப் பறிகொடுத்தனர். பின்னர்க் கொலம்பியா சர்வகலாசாலையிற் பேராசிரியராயமர்ந்த டூயி, தாமே நடத்தும் பள்ளியொன்றை மீண்டும் நிறுவினாரல்லர். ஆயினும் 1899இல் வெளிவந்த 'பள்ளியும் சமுதாயமும்' என்னும் அவரது நூல் அம்முறையைப் பல நாடுகளுக்கும் கொண்டு சென்றது. 1952 ஜூன் 1ஆம் நாள், தம் 92ஆம் வயதில் அவர் காலமானார். சிக்காகோவில் அவர் நட்ட பள்ளி இன்றும் நிலைபெற்றுள்ளது.

ஆசிரியராகப் புகவிருக்கும் மாணவ நண்பர்காள்! பிள்ளையின் கை சும்மாயிருக்க, அவன் செவியை மட்டும் நிரப்புதல் கல்வியாகாது என்பதை இப்பெரியார் வரலாற்றால் நாம் உணர்வோமாக.