வீராங்கனைகளுக்குத் துணை நின்ற சுஃபியா கமால்

வங்கதேசத்தில் ஒரு பெண்மணி முழு அரசு மரியாதையுடன் நல்லடக்கம் செய்யப்பட்டது 1999 நவம்பரில்தான் முதல் முறை. அந்தப் பெண்மணி கவிஞர் பேகம் சுஃபியா கமால். கவிஞராக அவரைப் பலரும் அறிவார்கள். 1971 இனப்படுகொலைக்குப் பிறகு, சீரழிக்கப்பட்ட பெண்களுக்காக அவர் ஆற்றிய பணியை நம் சமுதாயம் அவசியம் அறிந்துகொள்ள வேண்டும்.

1911 ஜூன் 20 அன்று பாரிசால் பகுதியின் ஷாயிஸ்தாபாத்தில், தாய்வழிப் பாட்டனாரின் நவாப் குடும்பத்தில் அவர் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை ஆன்மிக நாட்டத்தில் வீட்டை விட்டுப் போய்விட்டார். அந்தக் குடும்பத்தில் பேச்சுமொழி உருது. பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கமும் இல்லை. தாயார் சபேரா பேகத்திடம்தான் அவர் வங்க மொழியைக் கற்றார். சிறுவயதிலேயே நிகாஹ் நடந்தது. 1932இல் கணவர் நேஹால் ஹுசைன் இறந்தபோது அவருக்கு வயது 21. கையில் ஒரு பெண் குழந்தை.

கல்கத்தா மாநகராட்சிப் பள்ளியில் ஆசிரியை வேலை தேடிக்கொண்டு, அந்தச் சம்பளத்தில் மகளை வளர்த்தார். 1938இல் அவருடைய 'சாஞ்ஜேர் மாயா' கவிதை நூல் காஜி நஸ்ருல் இஸ்லாமின் முன்னுரையோடு வந்தது. அடுத்த ஆண்டு கமாலுத்தீன் அஹ்மதை மறுமணம் செய்தார். 1946 கல்கத்தா கலவரத்தில் வீடிழந்தவர்களுக்கான நிவாரணப் பணியில் இறங்கினார். 1947இல் 'பேகம்' பெண்கள் இதழின் முதல் ஆசிரியரானார். பிரிவினைக்குப் பின் டாக்காவில் குடியேறினார்.

1971 மார்ச் 25 இரவு பாகிஸ்தான் ராணுவம் டாக்காவில் தாக்குதலைத் தொடங்கியது. ஒன்பது மாதம் கொலை நின்றபாடில்லை. மாணவர்களும் பேராசிரியர்களும் ஏழை விவசாயிகளும் கொல்லப்பட்டார்கள். இந்துக்கள் தனியே குறிவைக்கப்பட்டார்கள். ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தார்கள். இறந்தவர்கள் 30 லட்சம் பேர் என்கிறது வங்கதேச அரசு. ஆய்வாளர்கள் சிலர் அதைவிடக் குறைவாகக் கணக்கிடுகிறார்கள். மானபங்கம் செய்யப்பட்ட பெண்கள் இரண்டு லட்சம் என்பது அரசின் கணக்கு. இதைச் செய்தவர்களில் இஸ்லாத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டவர்களும் இருந்தார்கள் என்பதை நாம் மறைக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் பெண்கள்.

சுஃபியாவின் இரு மகள்கள் எல்லை கடந்து, திரிபுராவில் போராளிகளுக்கான மருத்துவமனையில் பணி செய்தார்கள். அவரோ கண்காணிப்புக்கு நடுவே டாக்கா தன்மண்டி வீட்டிலேயே தங்கி, நாள்தோறும் நாட்குறிப்பு எழுதினார். பிற்காலத்தில் அது நூலாக வெளிவந்து, அந்த ஒன்பது மாதங்களுக்குச் சாட்சியாக நிற்கிறது.

டிசம்பர் 16 அன்று விடுதலை கிடைத்தது. ஆனால் முகாம்களிலிருந்து மீண்ட பெண்களுக்கு வீட்டுக் கதவு திறக்கவில்லை. கணவன் ஏற்கவில்லை, தகப்பன் ஏற்கவில்லை. பலர் கர்ப்பிணிகளாக இருந்தார்கள். அரசு அவர்களுக்கு 'பீராங்கனா' என்று பட்டம் அளித்தது. நம் மொழியின் வீராங்கனை என்ற சொல்தான் அது. 1972இல் மகளிர் மறுவாழ்வு வாரியமும் அமைந்தது. பட்டம் மட்டும் பசியாற்றாது என்பதை 21 வயதில் விதவையாக நின்ற சுஃபியா நன்கு அறிந்திருந்தார். மறுவாழ்வுப் பணியில் முன்னின்றவர்களில் அவரும் ஒருவர். மருத்துவ உதவி, தங்குமிடம், தையல், கைத்தொழில் பயிற்சி, சுயமாகச் சம்பாதிக்க வழி, பிறந்த குழந்தைகளைத் தத்துக் கொடுக்க ஏற்பாடு என்று அந்தப் பணி நடந்தது.

மார்க்கம் இதில் தெளிவாக இருக்கிறது. நிர்ப்பந்திக்கப்பட்ட பெண் மீது குற்றம் இல்லை என்பது ஃபிக்ஹின் அடிப்படைப் பாடம். ஒழுக்கமுள்ள பெண்கள் மீது பழி சுமத்தி நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவர்களுக்கு 80 கசையடி என்று சூரத்துந் நூர் தண்டனை வகுத்திருக்கிறது. அப்படியிருக்க, கொடுமை செய்தவனை விட்டுவிட்டு, அதற்கு ஆளானவளைப் பார்த்துக் கிசுகிசுப்பது எந்த மார்க்கம்?

நினைவுகூர்வதிலும் கவனம் தேவை. 1992இல் ஜஹானாரா இமாம் தலைமையில் டாக்காவில் மக்கள் நீதிமன்றம் கூடியது. சுஃபியாவும் அந்த இயக்கத்துக்குத் துணை நின்றார். குஷ்டியா பகுதியிலிருந்து மூன்று பெண்களை அங்கே அழைத்து வந்தார்கள். அவர்களின் புகைப்படம் பத்திரிகைகளில் வந்தது. ஊர் திரும்பியபோது ஊரார் அவர்களைத் தூற்றினார்கள். நல்ல நோக்கத்தோடு கூடிய கூட்டம்தான். விலை கொடுத்தவர்களோ அந்த ஏழைப் பெண்கள். அவள் சம்மதம் இல்லாமல் அவள் பெயரையும் முகத்தையும் வெளியிடும் உரிமை யாருக்கும் கிடையாது.

2015இல்தான் அரசு வீராங்கனைகளை விடுதலைப் போராளிகளாக ஏற்று உதவித்தொகைக்கு வழி செய்தது. அதற்குள் 44 ஆண்டுகள் ஓடிவிட்டன. பலர் மண்ணறைக்குப் போய்விட்டார்கள். 2017இல் மியான்மர் ராணுவத்துக்குத் தப்பி அதே வங்கதேசத்துக்கு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் வந்தார்கள். அவர்களிலும் இதே கொடுமைக்கு ஆளான பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் 44 ஆண்டுகள் ஆக வேண்டுமா?

கொல்லப்பட்டவர்களுக்காக நாம் துஆச் செய்கிறோம். தப்பிப் பிழைத்தவளுக்கு துஆவோடு கூரையும் மருந்தும் வேலையும் மரியாதையும் வேண்டும். நம் ஜும்ஆ மேடைகள் இதைப் பேச வேண்டும். சுஃபியா கமாலின் நற்பணிகளை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. அந்தப் பெண்களின் கண்ணியத்தைக் காக்கும் மக்களாக நம்மையும் ஆக்குவானாக. ஆமீன்.