தாமஸ் மிட்ஜ்லி

தாமஸ் மிட்ஜ்லி (மே 18, 1889 - நவம்பர் 2, 1944) ஓர் அமெரிக்கப் பொறியாளரும் வேதியியலாளரும் ஆவார். பெட்ரோலின் ஆக்டேன் எண்ணை உயர்த்தும் டெட்ராஎத்தில் ஈயம் என்ற சேர்பொருளின் பயனைக் கண்டறிந்தார். இக்கண்டுபிடிப்பு ஆற்றல்மிக்க கார்கள் பெருக வழிசெய்தது. உலகெங்கும் காற்றில் ஈய நஞ்சு பரவவும் காரணமாயிற்று.

வாழ்க்கைக் குறிப்பு

மிட்ஜ்லி பென்சில்வேனியா மாநிலத்தின் பீவர் ஃபால்ஸ் நகரில் பிறந்தார். 1911 ஆம் ஆண்டில் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றார். 1916 இல் ஒகையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங்கின் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

நாக்கிங் ஆய்வு

எஞ்சினில் தீப்பொறியால் பற்றிய சுடர் முழுதும் பரவுமுன், எஞ்சிய எரிபொருள் கலவை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் தானே பற்றிக்கொள்வது நாக்கிங் எனப்படும். அப்போது உலோகத்தைத் தட்டுவது போன்ற ஒலி எழும்; பிஸ்டன் சேதமடையலாம். அமுக்க விகிதம் உயர்ந்த எஞ்சினில் குறைந்த ஆக்டேன் எண் கொண்ட பெட்ரோலை இட்டால் இது எளிதில் நிகழும். இன்றைய கார்களில் உணரிகள் இதனை அறிந்து தீப்பொறி எழும் நேரத்தைத் தாமதப்படுத்துகின்றன. அதனால் எஞ்சின் காக்கப்பட்டாலும் அதன் திறன் குறைகிறது.

அக்காலத்தில் கெட்டரிங்கின் மின் பற்றவைப்பு அமைப்பே நாக்கிங்கிற்குக் காரணம் எனக் குறைகூறப்பட்டது. எரிபொருளே காரணம் என மிட்ஜ்லி காட்டினார். சிவப்பு நிறம் வெப்பத்தை ஈர்த்து நாக்கிங்கைத் தடுக்கும் எனக் கருதி அயோடினைக் கலந்தார். நாக்கிங் குறைந்தது, ஆனால் பிற சிவப்புச் சாயங்கள் பயன் தராததால் நிறம் காரணமன்று எனத் தெளிந்தது. பல சேர்மங்களைச் சோதித்தபின், டிசம்பர் 9, 1921 இல் டெட்ராஎத்தில் ஈயம் மிகச் சிறிய அளவிலேயே நாக்கிங்கைத் தடுப்பது கண்டறியப்பட்டது. ஆல்கஹாலும் நாக்கிங்கைத் தடுக்கும். எனினும் அதனை மிக அதிக அளவில் கலக்க வேண்டியிருந்தது.

ஈய நஞ்சு

ஈயம் கலந்த பெட்ரோல் 1923 பெப்ரவரியில் டேட்டனில் விற்பனைக்கு வந்தது. அக்காலத்தில் மிட்ஜ்லியே ஈய நஞ்சால் பாதிக்கப்பட்டு ஓய்வெடுத்தார். 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் 5 தொழிலாளர்கள் இந்நஞ்சால் இறந்தனர். அதன்பின் செய்தியாளர்கள் முன் அச்சேர்மத்தில் கைகளைக் கழுவியும் அதன் ஆவியை முகர்ந்தும் அது தீங்கற்றது எனக் காட்ட முயன்றார்.

மறைவு

1940 இல் போலியோவால் பாதிக்கப்பட்ட மிட்ஜ்லி, படுக்கையிலிருந்து எழ உதவும் கயிறு, கப்பி அமைப்பு ஒன்றை உருவாக்கினார். 1944 இல் அதன் கயிறுகளில் கழுத்து இறுகி உயிரிழந்தார்.

பிற்காலம்

ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பதாலும் வினையூக்கி மாற்றிகளைப் பழுதாக்குவதாலும் நாடுகள் படிப்படியாக அதனைக் கைவிட்டன. 2021 இல் அல்ஜீரியா கைவிட்டதுடன் சாலை வாகனங்களுக்கான ஈயப் பெட்ரோல் விற்பனை உலகெங்கும் முடிவுக்கு வந்தது.