நட்சத்திரம் கண்டுபிடித்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி

வீட்டில் நல்ல நாள் பார்க்கப் பஞ்சாங்கம் எடுக்கிறோம். சிலதில் ‘வாக்கியம்’ என்றும் சிலதில் ‘திருக்கணிதம்’ என்றும் போட்டிருக்கும். ஏன் இரண்டு? அது தெரியணும்னா இவரைத் தெரிஞ்சுக்கணும்.

ரகுநாதாச்சாரி, பரம்பரையாகப் பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். 1840-களில் சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வுக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டியது அது. படிப்படியாக உயர்ந்து முதல் உதவியாளர் ஆனார். வெள்ளைக்காரர் ஆட்சியில் இது லேசுப்பட்ட விஷயமா?

அங்கே ‘மெரிடியன் சர்க்கிள்’ என்று ஒரு தொலைநோக்கி. அது வடக்கு தெற்காக மேலும் கீழும்தான் அசையும், கிழக்கே மேற்கே திரும்பவே திரும்பாது! துணி செக்கிங் மெஷினில் துணிதான் நகரும், பார்க்கிறவர் அப்படியே இருப்பார் இல்லையா, அது மாதிரி நட்சத்திரம் தானாக நகர்ந்து வரும். உள்ளே மெல்லிய நூல் மாதிரி கோடுகள் இருக்கும். நட்சத்திரம் கோட்டைத் தாண்டும் நொடியைக் கடிகாரத்தில் குறிக்கணும். பக்கத்தில் இருக்கும் வட்டத்தில் எத்தனை டிகிரி உயரம் என்றும் பார்க்கணும். இரண்டும் சேர்ந்தால் வானத்தில் அந்த நட்சத்திரத்தின் விலாசம் கிடைச்சிடும். கடிகாரம் சரியா ஓடுதா என்றும் இதை வைத்தே பார்ப்பார்கள். கோட்டையில் நேரம் சொல்ல வெடித்த பீரங்கிக்கும் இந்த ஆய்வுக்கூட நேரம்தான். 1862 முதல் 1887 வரை இந்தக் கருவியால் 5,000-க்கும் மேற்பட்ட நட்சத்திரங்களின் இடத்தைக் கண்டார்கள். ராத்திரி ராத்திரியாகக் கண் விழித்தவர்களில் ரகுநாதாச்சாரி முக்கியமானவர்.

அப்படிப் பார்க்கும்போது ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சம் கூடிக் குறைவது அவர் கண்ணில் பட்டது. வருடம் 1867. அதன் பெயர் ஆர் ரெட்டிகுலி. சுமார் 9 மாதத்துக்கு ஒருமுறை பிரகாசமாகி மங்கும். தெற்கே அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே இருப்பதால் இங்கிலாந்தில் இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. மாறும் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்த முதல் இந்தியர் இவர்தான் என்கிறார்கள். 1872-ல் லண்டன் ராயல் வானியல் கழகத்தில் உறுப்பினரான முதல் இந்தியரும் இவரே.

1868 முழு சூரிய கிரகணத்தின்போது வனபர்த்திக்கு (இப்போது தெலங்கானா) ஒரு குழுவோடு போனார். இந்தியாவில் அடுத்த முழு கிரகணம் எங்கே தெரியுமா? நம்ம ஊர்ப் பக்கம்தான்! 1871 டிசம்பர் 12 காலையில் ஆய்வுக்கூடத் தலைவர் போக்சன் அவிநாசியில் முகாம் போட்டுப் பார்த்தார். அன்னிக்குப் பல்லடமும் இருட்டியிருக்கும்.

1874 டிசம்பர் 9-ல் வெள்ளி கிரகம் கரும்புள்ளி மாதிரி சூரியனைக் கடந்தது. (2004, 2012-லும் நடந்தது. இனி 2117-ல்தான்.) அதற்கு முன்னாடியே சாதாரண ஜனங்களுக்குப் புரியணும்னு, ஒரு பண்டிதரும் சோதிடக் கணக்குத் தெரிந்தவரும் பேசிக்கொள்வது போல ஒரு சிறு புத்தகம் எழுதினார். ஆங்கிலத்திலும் கன்னடம், உருது போன்ற மொழிகளிலும் வந்தது.

இனி பஞ்சாங்கத்துக்கு வருவோம். பழைய வாய்ப்பாட்டை வைத்தே கணக்குப் போட்டால், சின்னப் பிழைகூட வருடா வருடம் சேர்ந்து பெரிசாகும். கிரகண நேரம் தப்பும். திருக் என்றால் பார்வை. வானத்தைப் பார்த்துத் திருத்திய கணக்குத்தான் திருக்கணிதம். அந்த முறையில் அவர் பஞ்சாங்கம் வெளியிட்டார். பஞ்சாங்கக் குடும்பத்தில் பிறந்துவிட்டு, பஞ்சாங்கத்தில் பிழை இருக்கு என்று சொல்வது எவ்வளவு சங்கடம்! முன்னோர் கணக்கே போதும் என்றவர்களும் இருந்தார்கள். அதனால்தான் இன்னிக்கும் இரண்டும் இருக்கு. எனக்கு அவர் நட்சத்திரம் கண்டுபிடித்ததைவிட இதுதான் பெரிசாத் தெரியுது.

1880 பிப்ரவரியில் அவர் காலமானார். 1899-ல் ஆய்வுக்கூட வேலை கொடைக்கானலுக்கு மாறியது. முதலில் கருவி வைத்திருந்த கல் தூண் மட்டும் நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இன்னும் நிற்குது. அதில் தமிழ் எழுத்தும் வெட்டியிருக்கு.