டங்கன்சன்: நிலத்தை வரைந்த அடிமையின் பேரன்

அமெரிக்க அதிபராக ஜோ பைடன் 2021 ஜனவரி 20-ல் பதவியேற்றபோது, நாடாளுமன்றக் கட்டிடத்தில் அவருக்கு ஓர் ஓவியம் காட்டப்பட்டது. பசும்புல் நிலம், மேய்ந்து திரும்பும் மாடுகள், தூரத்தில் ஒரு வீடு, அதன் மேல் வானவில். 1859-ல் அதை வரைந்தவர் ராபர்ட் டங்கன்சன் என்ற கறுப்பினக் கலைஞர். அவர் அதை வரைந்த காலத்தில், அந்நாட்டின் தென்மாநிலங்களில் அவருடைய இனத்து மக்கள் சந்தையில் விலைக்கு விற்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

டங்கன்சன் 1821-ல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். அவருடைய தாத்தா வர்ஜீனியாவில் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். குடும்பம் மிச்சிகன் மாநிலத்தின் மன்றோ என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. தச்சு வேலையும் பெயின்ட் வேலையும்தான் குடும்பத் தொழில். டங்கன்சன் 17 வயதில் ஒரு கூட்டாளியுடன் சேர்ந்து வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் தொழில் தொடங்கினார். ஓவியப் பள்ளி எதிலும் அவர் படித்ததில்லை. அச்சுப் படங்களைப் பார்த்து வரைந்தே கற்றுக்கொண்டார்.

1840 வாக்கில் ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகருக்குச் சென்றார். ஒஹையோவில் அடிமை முறை இல்லை. ஆனால், ஆற்றைக் கடந்தால் எதிர்க்கரையில் இருந்த கென்டக்கி அடிமை மாநிலம். ஒஹையோவிலும் வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பர் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல 1849 வரை சட்டம் இடம் தரவில்லை. 1841-ல் வெள்ளையர் கும்பல் ஒன்று அந்நகரின் கறுப்பர் குடியிருப்பைப் பீரங்கி கொண்டு தாக்கியது. 1842-ல் நகரில் நடந்த கண்காட்சியில் டங்கன்சனின் ஓவியங்கள் வைக்கப்பட்டன. நிறத்தைக் காரணம் காட்டி அவர் குடும்பத்தாருக்கு உள்ளே அனுமதி மறுக்கப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

அந்த ஊரில்தான் அவர் வளர்ந்தார். நிக்கோலஸ் லாங்வொர்த் என்ற செல்வந்தர் தன் மாளிகைச் சுவர்களில் எட்டுப் பெரிய இயற்கைக் காட்சிகளை வரையும் பணியை 1850 வாக்கில் அவருக்குக் கொடுத்தார். 1853-ல் அடிமை ஒழிப்பு இயக்கத்தாரின் உதவியுடன் ஐரோப்பா சென்று திரும்பினார். உள்நாட்டுப் போர்க் காலத்தில் 1863-ல் கனடாவுக்குப் போனார். அந்நாட்டு நிலக்காட்சி ஓவியர்களுக்கு முன்னோடிகளில் ஒருவரானார். 1865-ல் பிரிட்டன் சென்றார். அங்கும் அவருக்குப் பாராட்டு குவிந்தது. உலகப் புகழ் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்க ஓவியர் என்று அவரைச் சொல்கிறார்கள்.

புகழுக்குப் பின் வந்தது மறதி. லாங்வொர்த் மாளிகை கைமாறியபோது, அந்தச் சுவரோவியங்களின் மேல் அலங்காரக் காகிதம் ஒட்டப்பட்டது. 1930களில் மாளிகை அருங்காட்சியகமாக மாறிய காலத்தில்தான் அவை மீண்டும் வெளியே வந்தன. டங்கன்சனின் தந்தை ஸ்காட்லாந்து வழிவந்த வெள்ளையர் என்றும் நெடுங்காலம் எழுதப்பட்டது. பின்னர் ஆவணங்களை ஆராய்ந்தவர்கள், தந்தையும் கறுப்பரே என்று காட்டினார்கள். ஒடுக்கப்பட்டவரிடம் திறமையைக் கண்டால், அது மேலே இருப்பவரின் ரத்தத்தில் வந்தது என்று கதை கட்டும் வழக்கம் நமக்குப் புதிதல்ல.

அவர் மீது வேறொரு குறையும் சொல்லப்பட்டது. தன் மக்கள் சங்கிலியில் கிடந்தபோது ஆறும் மலையும் வரைந்துகொண்டிருந்தாரே என்பதுதான் அது. மகனே தந்தையைக் குறை சொன்னதுண்டு. தன் சிந்தையில் இருப்பது நிறமல்ல, ஓவியமே என்று அவர் பதில் எழுதினார். அடிமைத்தனத்தை நேரடியாகச் சொல்லும் ஓவியங்களை அவர் அதிகம் வரையவில்லை என்பது உண்மை.

ஆனால், இன்றைய ஆய்வாளர்கள் அவருடைய நிலக்காட்சிகளையே மறுபடி பார்க்கிறார்கள். 1861-ல் போர் மூண்ட ஆண்டில் அவர் வரைந்த பெரிய ஓவியத்தில், வெள்ளை வீரர்கள் ஆற்றங்கரையில் சோம்பிக் கிடக்கிறார்கள். கருநிற மக்கள் அவர்களுக்குப் பணிவிடை செய்கிறார்கள். அடுத்தவர் உழைப்பில் சுகம் கண்ட தென்மாநிலங்களின் மீதான விமர்சனமாக இதைப் படிப்பவர்கள் உண்டு. 1851-ல் வரைந்த லிட்டில் மயாமி ஆற்றுக் காட்சியில் மூன்று பேர் அமைதியாக மீன் பிடிக்கிறார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான், தப்பியோடிய அடிமைகளை எந்த மாநிலத்திலும் பிடித்து ஒப்படைக்கலாம் என்ற சட்டம் வந்திருந்தது. கறுப்பர் அச்சமின்றி நடமாட முடியாத மண்ணை, எவரும் நிம்மதியாக உட்காரக்கூடிய இடமாக ஒரு கறுப்பர் வரைந்தார். அதை வெறும் அழகுக் காட்சி என்று ஒதுக்கிவிட முடியாது.

கடைசி ஆண்டுகளில் அவர் மனநலம் குன்றியது. பெயின்ட்டிலும் ஓவிய வண்ணங்களிலும் இருந்த ஈயமே காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. தொழில் தந்த நோய் அது. 1872 டிசம்பரில் டெட்ராய்ட் நகரில் 51 வயதில் இறந்தார். மன்றோவில் அவரைப் புதைத்த இடத்தில் நூறாண்டுகளுக்கும் மேலாகப் பெயர் பொறித்த கல் இல்லை. அண்மையில்தான் அந்த ஊர் மக்கள் முயன்று கல் நாட்டினார்கள்.

ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வரும் கலைஞர் தன் வலியை மட்டுமே வரைய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஒரு வேலிதான். ஆற்றையும் வானத்தையும் வரைய அவருக்கும் உரிமை உண்டு. அந்த உரிமையைக் கேட்டுக் காத்திராமல் எடுத்துக்கொண்டவர் டங்கன்சன்.