வயிற்று வலியில் தொடங்கிய பிரார்த்தனை: திருநாவுக்கரசர் கையில் உழவாரம் வந்தது எப்படி?

சிவன் கோயில்களில் நால்வர் சிலைகளைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒருவர் மட்டும் மண்வெட்டி மாதிரி ஒரு கருவியோடு நிற்பார். அவர்தான் அப்பர் என்கிற திருநாவுக்கரசர். 7-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். பாடல்களால் பேர் வாங்கியவர் கையில் அந்தக் கருவி ஏன்?

யார் இவர்?

திருவாமூரில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் மருள்நீக்கியார். அக்கா திலகவதியார். பெற்றோர் அடுத்தடுத்து மறைந்துவிட, அவருக்கு நிச்சயிக்கப்பட்ட தளபதி கலிப்பகையாரும் போரில் இறந்தார். தானும் போய்விடலாம் என நினைத்த அக்கா, தம்பிக்காகவே உயிரோடு இருந்தார் என்கிறது 12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரிய புராணம்.

ஆனா தம்பி வேறு பாதையில் போனார். இன்றைய கடலூரில் உள்ள திருப்பாதிரிப்புலியூரில் சமண சமயத்தில் சேர்ந்து, நூல்களைக் கற்று, தருமசேனர் என்ற பெயரோடு தலைமை இடத்துக்கு உயர்ந்தார். அக்கா, பண்ருட்டி அருகே திருவதிகைக்கு வந்து கோயில் பணி செய்தபடி, தம்பியை மீட்டுத் தரும்படி சிவனிடம் வேண்டிக்கொண்டே இருந்தார்.

அந்த ராத்திரி என்ன நடந்தது?

தருமசேனருக்குச் சூலை நோய் வந்தது. குடலை முறுக்கும் வயிற்று வலி. மந்திரங்கள் எதுவும் பலிக்கவில்லை. சமையல்காரர் மூலம் அக்காவுக்குச் சொல்லி அனுப்பினார். அந்த இடத்துக்கு வர முடியாது என்று மறுத்துவிட்டார் அக்கா.

படிப்பு, பதவி, பெயர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, இரவோடு இரவாகத் திருவதிகைக்கு வந்து அக்கா காலில் விழுந்தார். ஏன் போனாய் என்று அக்கா கேட்கவில்லை. திருநீறு கொடுத்தார். விடியும் முன் கோயிலைக் கூட்டி மெழுகக் கிளம்பியபோது, தம்பியையும் கூட அழைத்துப் போனார்.

அங்கே பிறந்ததுதான் அவருடைய முதல் பதிகம். அதில் பேரம் இல்லை. தெரியாமல் செய்த கொடுமைகளால்தான் இந்த வலியோ என்ற தவிப்பும், இனி தாங்க முடியாது என்ற கதறலும்தான் இருக்கிறது. வலி நீங்கியது, நாவுக்கரசர் என்ற பெயரும் கிடைத்தது என்கிறது புராணம்.

இதெல்லாம் உண்மையா?

பெரிய புராணம் பல நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்ட சைவ நூல். சமணம் பற்றிய அதன் பார்வையை அந்தக் கால சமயப் போட்டியோடு சேர்த்தே படிக்க வேண்டும். ஆனா சமணத்தில் இருந்ததையும், வயிற்று வலியையும் அப்பரே தன் பாடல்களில் சொல்கிறார்.

வலி போன பிறகு?

நம்மில் பலர் கஷ்டம் தீர்ந்ததும் கோயிலை மறந்துவிடுவோம். அவர் மறக்கவில்லை. உழவாரம் என்ற அந்தக் கருவியை எடுத்தார். ஊர் ஊராக நடந்து, கோயில்களில் முளைத்த புல்லையும் முள்ளையும் செதுக்கினார், பாடினார். 300-க்கும் மேற்பட்ட பதிகங்கள் இன்று 4, 5, 6-ம் திருமுறைகளாக இருக்கின்றன. 81 வயதில் திருப்புகலூரில் மறைந்தார் என்பது மரபு. கடைசி வரை உழவாரப் பணி நிற்கவில்லை.

அக்கா கையில் துடைப்பம், தம்பி கையில் உழவாரம். கண்ணீரோடு தொடங்கிய பிரார்த்தனை, தினசரி வேலையாக மாறிய கதை இது. அடுத்த முறை நால்வர் சன்னதியில் நிற்கும்போது, அந்தக் கருவியை ஒரு நிமிஷம் பாருங்கள்.