திறவுகோல் கண்ட எமில் ஃபிஷர்

ஓர் உவமையால் அறிவியலில் நிலைபெற்றவர் எமில் ஃபிஷர். கவிஞர் கூடும் இம்மலரில் அவருக்கு இடம் தர அத்தகுதி ஒன்றே போதும்.

1852ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் செருமனியின் ஆய்ஸ்கிர்ஷன் என்னும் ஊரில் வணிகர் குடும்பத்தில் பிறந்தார். தம் தொழிலை மகன் ஏற்கவேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மகனுக்கோ கணக்கேட்டில் மனம் ஒட்டவில்லை. ஸ்ட்ராஸ்பர்க்கில் பேராசிரியர் பேயரிடம் பயின்று 1874இல் முனைவரானார். மறு ஆண்டே பீனைல் ஹைட்ரசின் என்ற சேர்மத்தைக் கண்டறிந்தார். அவர் புகழுக்கும் நோய்க்கும் அதுவே வித்து.

சர்க்கரைகள் அந்நாளைய வேதியியலாருக்குப் பெருந்தொல்லை. பலவும் படிகமாக மறுத்துப் பாகாகவே நின்றன; பாகை வைத்துக்கொண்டு எது எதுவெனப் பிரித்தறிவது எங்ஙனம்? 1884இல் ஃபிஷர் தம் சேர்மத்தைச் சேர்த்தபோது மஞ்சள் படிகங்கள் வீழ்ந்தன. குளுக்கோஸ், மேனோஸ், ஃபிரக்டோஸ் மூன்றும் ஒரே படிகத்தைத் தந்தன. முதலிரு கரியணுக்களில் மட்டுமே அவை வேறுபடுகின்றன என்பது அதனால் தெளிந்தது.

மூன்றிலும் கரி 6, ஹைட்ரஜன் 12, ஆக்சிஜன் 6. எழுத்து ஒன்றே, அடுக்குமுறை வேறு. குளுக்கோஸ் வகைச் சர்க்கரைக்கு 16 அடுக்குமுறைகள் இயலும் எனக் கோட்பாடு கூறியது. அவற்றுள் குளுக்கோசுக்கு உரியதை 1891இல் ஃபிஷர் நிறுவினார். ஆனால் ஆடியும் பிம்பமுமாய் நின்ற இரண்டில் எது உண்மை என்றறிய அன்று வழியில்லை. ஒன்றைத் துணிந்து கொண்டார். அது ஊகமே என்பதை அவர் மறைக்கவில்லை; இது அவரிடம் நான் பெரிதும் மதிக்கும் பண்பு.

குளுக்கோசின் பிணைப்பு ஆல்ஃபா, பீட்டா என இருவகை. ஈஸ்டின் நொதி முன்னதை மட்டும் உடைத்தது. வாதுமையின் எமல்சின் பின்னதை மட்டும். இதைக் கண்ட ஃபிஷர், நொதியும் சர்க்கரையும் பூட்டும் திறவுகோலும் போலப் பொருந்தவேண்டும் என 1894இல் எழுதினார். நொதி எப்பொருளால் ஆனது என்பதே விளங்காத காலம் அது! உருளைக்கிழங்கின் மாவும் பருத்தியின் இழையும் குளுக்கோஸ் கோவைகளே. மாவின் ஆல்ஃபா பிணைப்புக்கு நம் உடலில் திறவுகோல் உண்டு. இழையின் பீட்டா பிணைப்புக்கு இல்லை. நொதி சற்று வளைந்தும் கொடுக்கும் எனப் பின்வந்தோர் திருத்தினர், உவமை அழியவில்லை.

1902இல் நோபல் பரிசு வந்தது. அதைக் காண மனைவி ஆக்னஸ் இல்லை. மணமாகி ஏழே ஆண்டுகளில், 1895இல், மறைந்திருந்தார். பீனைல் ஹைட்ரசினின் நஞ்சு ஃபிஷரை நெடுங்காலம் வருத்தியது. முதல் உலகப்போர்க் காலத்தில் புதல்வர் மூவரில் இருவரை இழந்தார். புற்றுநோயும் கண்டிருந்த நிலையில் 1919 ஜூலை 15இல் பெர்லினில் காலமானார்.

எஞ்சிய மகன் ஹெர்மன் தந்தையின் துறையையே தொடர்ந்தார். 1951இல் நெதர்லாந்தின் பைவூட் ஊடுகதிர் ஆய்வால் ஃபிஷரின் ஊகம் சரியென்று காட்டியபோது, அவர் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பேராசிரியராக இருந்தார்.