23 லிட்டர் எஞ்சினும் ஒரு கோமகனும்



பழைய வண்டி, அதில் புது எஞ்சின்! ஒர்க்‌ஷாப் பீரியடில் இந்தப் பேச்சு ஆரம்பித்தால் பெல் அடித்தாலும் நம்ம ஆட்கள் எழுந்திருக்க மாட்டார்கள். இந்த ஆசையைப் பேச்சோடு விடாமல் நான்கு தடவை செய்து பார்த்த ஒரு மனிதரைப் பற்றித்தான் இந்த ஆண்டு மலரில் எழுதப் போகிறேன். பெயர் கவுண்ட் லூயி ஸ்பொரோவ்ஸ்கி. பெயர் வாயில் நுழையாவிட்டாலும் பரவாயில்லை, அவர் வண்டியின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: சிட்டி பேங் பேங். 1968ல் வந்த பறக்கும் கார் சினிமாவுக்கும், அதற்கு முன் 1964ல் ஜேம்ஸ் பாண்ட் புகழ் இயான் ஃபிளெமிங் எழுதிய குழந்தைக் கதைக்கும் பெயர் கொடுத்தது இந்த வண்டிதான்.

லூயி பிறந்தது 1895 பிப்ரவரியில். அப்பா போலந்து வம்சாவளி, அம்மா அமெரிக்காவின் பெரும் பணக்கார ஆஸ்டர் குடும்பம். பையனுக்கு எட்டு வயதாகும்போது, 1903 ஏப்ரல் 1ந் தேதி, பிரான்சில் நீஸ் நகருக்குப் பக்கத்தில் லா டுர்பி மலையேற்றப் போட்டியில் அப்பா மெர்சிடிஸ் காரோடு பாறையில் மோதி இறந்தார். 1911ல் அம்மாவும் போய்ச் சேர்ந்தார். பதினாறு வயதில் நியூயார்க் மன்ஹாட்டனில் நிலம், இங்கிலாந்தில் கேன்டர்பரி பக்கத்தில் ஹைம் பார்க் என்கிற மாளிகை, கோடிக்கணக்கில் பணம். நம்மில் ஒருவனுக்கு இப்படிக் கிடைத்தால் என்ன செய்வோம்? அவர் மாளிகையிலேயே ஒரு ஒர்க்‌ஷாப் போட்டார்.

முதல் உலகப் போர் 1918ல் முடிந்தது. விமான எஞ்சின்கள் உபரியாகக் குவிந்து கிடந்தன, விலையும் மலிவு. லூயிக்குக் கிடைத்தது ஜெர்மன் மேபேக் எஞ்சின். ஆறு சிலிண்டர், போர் 165 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 180. கணக்குப் போட்டுப் பாருங்கள், 23 லிட்டர் வரும். ஒரு சிலிண்டர் மட்டுமே 3.8 லிட்டர்! அம்பாசிடரில் இருந்த 1489 சிசி எஞ்சின் இரண்டின் மொத்தக் கொள்ளளவும் அந்த ஒரு சிலிண்டருக்குள் அடங்கி இன்னும் இடம் மிஞ்சும். இதைப் போர் வருவதற்கு முந்தைய செயின் டிரைவ் மெர்சிடிஸ் சேசிஸில் உட்கார வைத்தார்கள். சேசிஸை நீட்ட வேண்டியிருந்தது. பொறியாளர் வேலையைப் பார்த்தவர் கேப்டன் கிளைவ் கேலப். இவர் சாமானியப்பட்டவர் இல்லை; பென்ட்லியின் முதல் 3 லிட்டர் எஞ்சின் வடிவமைப்பில் கை வைத்தவர். பாடி கட்டியது கேன்டர்பரி பிளை சகோதரர்கள்.

இங்கேதான் நமக்குச் சுவாரசியமான இடம். விமான எஞ்சின் ஏன் நிதானமாகச் சுற்றுகிறது? புரொப்பெல்லரை நேராக கிராங்க்‌ஷாஃப்டிலேயே மாட்டினால், வேகம் கூடும்போது அதன் நுனி ஒலி வேகத்தை நெருங்கி, இழுவைத் திறன் போய்விடும். அதனால் 1500 ஆர்பிஎம் அளவிலேயே முழு சக்தியும் வருமாறு வைத்திருந்தார்கள். சக்தி சுமார் 300 குதிரை என்று வைத்துக்கொண்டால் டார்க் 143 கிலோகிராம் மீட்டர். இப்போ இன்னொரு கணக்கு. பின் சக்கரம் 33 அங்குல விட்டம்னு வெச்சுக்குவோம். மணிக்கு 100 மைல் ஓட சக்கரம் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்குக் கொஞ்சம் மேலே சுற்றணும். எஞ்சினோ 1500. ஆக மொத்தக் குறைப்பு விகிதம் ஒன்றரைக்கு ஒன்று! சாதாரணக் கார்களில் கிரவுன் வீலும் பினியனும் மட்டுமே மூன்றரை, நாலு மடங்கு குறைக்கும். கிரவுன் வீல் செட்டைப் புதிதாக வெட்டுவது பெரிய வேலை. செயின் டிரைவில் ஸ்பிராக்கெட்டை மாற்றினால் போதும். பழைய செயின் வண்டி இந்த வேலைக்குத் தோதாக இருந்ததற்கு என் கணிப்பில் இதுதான் முக்கியக் காரணம்.

ஆனால் அந்தக் காலத்துச் சேசிஸில் முன் சக்கரத்துக்கு பிரேக்கே கிடையாது. ஓட வைப்பதற்கு இவ்வளவு மூளையைச் செலவழித்தவர்கள், நிறுத்துவதைப் பற்றி எவ்வளவு யோசித்தார்கள் என்று எனக்குச் சந்தேகம்தான்.

1921 ஈஸ்டர் சமயம், சர்ரே மாவட்டத்து புரூக்லண்ட்ஸ் பந்தயப் பாதை. சாய்வான சிமெண்ட் தளம். சிட்டி வந்த முதல் நாளே இரண்டு பந்தயத்தை ஜெயித்தது, மணிக்கு 100 மைலையும் தாண்டியது. கூட்டத்துக்கு ஒரே கொண்டாட்டம். எஞ்சின் போட்ட சத்தம்தான் பெயராயிற்று என்கிறார்கள் சிலர். போர்க்காலச் சிப்பாய்களின் கொச்சைப் பாட்டிலிருந்து வந்தது என்கிறார்கள் வேறு சிலர். இரண்டாவது கதைதான் உண்மைபோல எனக்குப் படுகிறது, மலர் ஆசிரியர் மன்னிப்பாராக!

அடுத்து 18.8 லிட்டர் பென்ஸ் விமான எஞ்சினோடு சிட்டி 2. பிறகு மூன்றாவது ஒன்று. 1922ல் மனைவியையும் கேலப்பையும் அழைத்துக்கொண்டு சிட்டி வண்டியில் சகாரா பாலைவனத்துக்கே போய் வந்தார் மனுஷன். அதே ஆண்டு புரூக்லண்ட்ஸில் சிட்டி 1ன் டயர் வெடித்து, வண்டி நேரம் குறிக்கும் குடிசைக்குள் பாய்ந்தது. லூயிக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. அங்கே வேலையில் இருந்த அதிகாரிக்கு மூன்று விரல் போயிற்று. பணக்காரரின் விளையாட்டில் விரலைக் கொடுத்தவர் வேறு ஒருவர் என்பதைப் படித்தபோது எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்த வண்டி பிற்பாடு ஷெர்லாக் ஹோம்ஸ் எழுதிய கோனன் டாயிலின் மகன்கள் கைக்குப் போய், கடைசியில் பிரித்துப் போடப்பட்டது.

ஆஸ்டன் மார்ட்டின் கம்பெனி தள்ளாடிய நாட்களில் பணம் கொடுத்தவரும் இவர்தான். 1922 பிரெஞ்சு கிராண்ட் பிரியில் அந்தக் காரை ஓட்டினார். 1923ல் புகாட்டியோடு இண்டியானாபொலிஸ். வீட்டுத் தோட்டத்தில் 15 அங்குல அகலப் பாதையில் குட்டி ரயில் வேறு!

நான்காவது வண்டிதான் உச்சம். பெயர் ஹைம் ஸ்பெஷல். அமெரிக்க லிபர்ட்டி வி-12 விமான எஞ்சின், 27 லிட்டர், சுமார் 450 குதிரை சக்தி. கியர்பாக்ஸ் பழைய பிளிட்சன் பென்ஸ் காரிலிருந்து எடுத்தது. இதிலும் செயின் டிரைவ்தான்.

அதை முழுசாகச் சீர் செய்து முடிக்கவில்லை. 1924 அக்டோபர் 19, இத்தாலியின் மோன்சா. லூயி இப்போது மெர்சிடிஸ் கம்பெனி அணியில். 2 லிட்டர் சூப்பர்சார்ஜர் கார். 23 லிட்டரும் 27 லிட்டரும் கொல்லாத ஆளை அந்தச் சின்ன எஞ்சின் வண்டி மரத்தில் மோதிக் கொன்றது. வயது 29. அப்பா சாகும்போது போட்டிருந்த அதே சட்டைக் கைப்பொத்தானை அன்று மகனும் போட்டிருந்தார் என்று ஒரு கதை உண்டு. கேட்க நல்லாத்தான் இருக்கு, நான் நம்பவில்லை. அதிவேகமும் வழுக்கும் வளைவும் போதாதா?

ஹைம் ஸ்பெஷலை 125 பவுனுக்கு வாங்கியவர் லேலண்ட் கம்பெனியின் முன்னாள் தலைமைப் பொறியாளர் பாரி தாமஸ். பிஸ்டனைத் தானே வடிவமைத்துப் போட்டு, நான்கு ஜெனித் கார்புரேட்டர் மாட்டி, பாப்ஸ் என்று செல்லப் பெயரும் வைத்தார். 1926 ஏப்ரலில் வேல்ஸ் நாட்டு பெண்டைன் கடற்கரை மணலில் மணிக்கு 171 மைல், உலக சாதனை! 1927 பிப்ரவரியில் மால்கம் கேம்பெல் அதை முறியடித்தார். மார்ச் 3ந் தேதி சாதனையைத் திரும்பப் பிடிக்கப் போன தாமஸ் அதே மணலில் உயிரை விட்டார். செயின் அறுந்து தலையில் அடித்தது என்று அன்றே பேச்சு பரவிற்று. வலது பின் சக்கரம்தான் முதலில் உடைந்தது என்று பிற்பாடு ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். வண்டியை அங்கேயே மணலில் குழி வெட்டிப் புதைத்துவிட்டார்கள்.

42 வருஷம் கழித்து, 1969ல் அதைத் தோண்டி எடுத்தவர் ஒரு வாத்தியார்! ஓவன் வின் ஓவன், பாங்கர் டெக்னிக்கல் காலேஜில் பொறியியல் விரிவுரையாளர். உப்பு தின்ற சேசிஸ், துருவேறிப் போன எஞ்சின். பல வருஷம் ஒவ்வொரு பாகமாகச் செய்து, தேடி, ஒட்டி, லூயி உட்கார வைத்த அந்த லிபர்ட்டி வி-12ஐ மறுபடி ஸ்டார்ட் பண்ணி ஓட்டியும் காட்டிவிட்டார்.